பெரியகடையில் இருந்து வந்த தீபாவளி வாழ்த்து

கனடாவின் ரொறன்ரோ நகரில் வசிக்கும் உறவினர் ஒருவர் சில காலத்துக்கு முன்னர், ஒரு மார்கழி மாதத்தில், தொலைபேசியில் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "அண்ணை, இங்கை கனக்கக் கடையளிலை கிறிஸ்மஸ் வாழ்த்து எண்டு போடாமல் விடுமுறைக்கால வாழ்த்து எண்டுதான் போடுகினம். அதுக்கு ஒரு பகுதி ஆக்கள் கோவிக்கினம். எங்கட ஊரிலை இப்பிடி ஒரு சண்டை எப்பவாவது நடந்ததோ?" என்பதே அக்கேள்வி.

அவர் குறிப்பிட்ட சண்டை அமெரிக்காவில் 2005ஆம் ஆண்டில் உச்சத்தில் இருந்தது. பெரிய வணிக நிறுவனங்கள் கிறிஸ்மஸ் என்ற சொல்லை விளம்பரங்களில் இருந்து அகற்றிவிட்டன என்று கூறி, மத அமைப்புக்கள் அவற்றைப் புறக்கணிக்குமாறு பிரசாரம் செய்தன. அடுத்த ஆண்டே வோல்மார்ட் நிறுவனம் பழைய வாழ்த்துக்குத் திரும்பியது. தமிழகத்தில் கலைஞர் தொலைக்காட்சி விநாயகர் சதுர்த்தியன்று 'விடுமுறை தின சிறப்பு நிகழ்ச்சிகள்' என்று அறிவித்து வந்ததும், அதனை ஒரு சாரார் எள்ளி நகையாடியதும் வாசகர்கள் அறிந்தவையே. 2020 ஒக்டோபரில் தனிஷ்க் நகை நிறுவனம், முஸ்லிம் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்ட இந்துப் பெண்ணைக் காட்டிய தனது விளம்பரத்தை எதிர்ப்புக் காரணமாக மீளப் பெற்றது. மறு ஆண்டு, தீபாவளிக் காலத்து உடைகளுக்கு உருதுப் பெயர் சூட்டிய ஃபேப்இந்தியா நிறுவனத்துக்கும் அதுவே நேர்ந்தது.

யாழ்ப்பாணத்தில் இத்தகைய சண்டை நடந்ததாக எனக்கு நினைவில்லை. ஆனால் அந்தப் பதிலோடு தொலைபேசியை வைத்துவிட என்னால் இயலவில்லை.

யாழ்ப்பாணத்துப் பத்திரிகை வரலாறு மதத்தோடு பிறந்தது. அமெரிக்க மிஷனரிமார் 1841இல் 'உதயதாரகை'யைத் தொடங்கினர். கத்தோலிக்கர் 1876இல் 'சத்தியவேத பாதுகாவலன்' இதழைக் கொண்டு வந்தனர். சைவர்கள் 1889இல் 'இந்து சாதன'த்தை வெளியிட்டனர். ஒவ்வொரு சமயத்தவருக்கும் ஒவ்வோர் இதழ். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 1816இல் இங்கு வந்த அமெரிக்க மிஷனரிமார் பெரும்பாலும் நியூ இங்கிலாந்துப் பகுதியின் திருச்சபை மரபில் வந்தவர்கள். கிறிஸ்மஸ் கொண்டாட்டத்தையே ஏற்காத மரபு அது. அப்பகுதியின் மசாசுசெட்ஸ் குடியேற்றம் 1659 முதல் 1681 வரை கிறிஸ்மஸ் கொண்டாடுவோருக்குத் தண்டம் விதித்திருந்தது. அந்த நாட்டில்தான் பிற்காலத்தில் கிறிஸ்மஸ் என்ற சொல் கடை விளம்பரத்தில் இல்லை என்று சண்டை மூண்டது.

பின்னர் எல்லோரும் படிக்கும் பத்திரிகைகள் தோன்றின. நா. பொன்னையா 1930இல் சுன்னாகத்தில் இருந்து 'ஈழகேசரி'யை வெளியிட்டார். 1959இல் தொடங்கிய 'ஈழநாடு' 1961இல் நாளிதழாயிற்று. நாளிதழ் என்றால் விளம்பரம் வேண்டும். விளம்பரம் என்றால் கடைக்காரர் வேண்டும். கடைக்காரருக்கோ கொடுக்கல் வாங்கலில் மதமில்லை. அவ்வகையில், எல்லாச் சமயத்தவரின் பெருநாள்களும் ஒரே தாளில் இடம்பிடித்தன.

நான் 1989இல், பல்கலைக்கழக அனுமதிக்காகக் காத்திருந்த நாட்களில், யாழ்ப்பாணத்து நாளிதழ் ஒன்றில் ஒப்புநோக்காளனாகச் சேர்ந்தேன். பண்டிகை நாட்களில் வரும் வாழ்த்து விளம்பரங்களைத் திருத்துவது, புதிதாகச் சேர்ந்தவன் என்பதால், என் தலையில் விழுந்தது. அவை தீப்பெட்டி அளவிலான சிறு கட்டங்கள். 'எமது வாடிக்கையாளர்கள், நண்பர்கள் அனைவருக்கும்' என்று ஆரம்பித்து, பண்டிகையின் பெயர் சொல்லி, கடையின் பெயரோடும் வீதியின் பெயரோடும் முடியும்.

சொற்களில் எவருக்கும் கூச்சமிருக்கவில்லை. திருநீறு பூசிய புடைவைக்கடை முதலாளி நத்தார் வாழ்த்துத் தருவார். நத்தார் என்பதே 1619இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய போர்த்துக்கேயரின் மொழியில் இருந்து வந்த சொல்தான். கத்தோலிக்க வியாபாரி தைப்பொங்கலுக்கு வாழ்த்துச் சொல்வார். பெரியகடையிலும் கஸ்தூரியார் வீதியிலும் கடை வைத்திருந்த முஸ்லிம் வர்த்தகர்கள் தீபாவளிக்குத் தவறாமல் விளம்பரம் தருவார்கள். நோன்புப் பெருநாளுக்கும் ஹஜ்ஜுப் பெருநாளுக்கும் இந்துக் கடைகளின் வாழ்த்து அதே அளவில் வெளிவரும்.

சண்டை வேறோர் இடத்தில் நடந்தது. 'வாழ்த்துகள்' சரியா, 'வாழ்த்துக்கள்' சரியா என்பதே அது. கடைக்காரர்கள் எல்லோரும் 'க்' போட்டே எழுதித் தருவார்கள். எங்கள் செய்தி ஆசிரியர் அதனை வெட்டச் சொல்வார். ஓய்வுபெற்ற தமிழாசிரியர்களிடம் இருந்து கடிதங்கள் வரும். வன்றொடர்க் குற்றியலுகரத்தின் பின் வல்லினம் மிகும் என்று ஒருவர் எழுதுவார். கள் என்பது விகுதி, ஆகவே மிகாது. மிகுந்தால் அது குடிக்கும் கள்ளாகிவிடும் என்று மற்றொருவர் மறுப்பார். அக்கடிதங்களை நாங்கள் மகிழ்ச்சியோடு பிரசுரித்தோம்.

பெரியகடையில் இரும்புக்கடை வைத்திருந்த முதியவர் ஒருவரை நாங்கள் எல்லோரும் நானா என்றே அழைப்போம். தமது தீபாவளி வாழ்த்தைத் தாமே கைப்பட எழுதிக் கொண்டு வருவார். "தம்பி, 'க்' கன்னாவை வெட்டுறதெண்டால் வெட்டுங்கோ. கடைப் பேரை மட்டும் வெட்டிப்போடாதேங்கோ" என்பார்.

1990 ஒக்டோபரிலும் அவர் வந்தார். ஜூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டு, கோட்டையை அண்டிய கடைத்தெரு குண்டுவீச்சில் சிதைந்திருந்த நேரம். கிழக்கில் நடந்தவை அதனினும் கொடியவை. ஆகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டிருந்தனர். அப்படிப்பட்ட ஆண்டில் ஒரு முஸ்லிம் வியாபாரி தமிழர்களுக்குத் தீபாவளி வாழ்த்துச் சொல்ல முன்வந்தார் என்பதன் கனம் அன்று எனக்குப் புரியவில்லை. தாள் தட்டுப்பாட்டால் பக்கங்கள் குறைந்திருந்தன. கட்டத்தைச் சிறிதாக்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன். "சின்னனெண்டாலும் வந்தால் போதும்" என்றார். விளம்பரக் கட்டணத்தை அவர் எப்போதும் மாதமுடிவில்தான் செலுத்துவார்.

தீபாவளி கழிந்து இரண்டு வாரங்கள்கூட நிறையவில்லை. ஒக்டோபர் 30ஆம் திகதி காலை, யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை ஜின்னா மைதானத்தில் ஒன்றுகூடுமாறு விடுதலைப் புலிகள் ஒலிபெருக்கியில் அறிவித்தனர். இரண்டு மணித்தியாலத்தில் ஊரை விட்டுப் போய்விட வேண்டும் என்பது கட்டளை. சில நூறு ரூபாவுக்கு மேல் கொண்டு செல்ல முடியாது. நகைகளும் கடைகளும் வீடுகளும் பறிபோயின. சோனகதெருவும் ஐந்துசந்தியும் ஒரே நாளில் வெறிச்சோடின. வட மாகாணம் முழுவதிலும் இருந்து 70,000க்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் அந்த ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டனர்.

அந்த மார்கழியில் நத்தார் வாழ்த்துக் கட்டங்களைத் திருத்தியவன் நானே. பெரியகடையில் இருந்து வழமையாக வரும் பல கட்டங்கள் வரவில்லை. அவற்றின் இடத்தில் வேறு கடைகளின் வாழ்த்துக்கள் நிறைந்தன. பக்கத்தைப் பார்த்தவர்களுக்கு எந்த வெற்றிடமும் தெரிந்திருக்காது. அந்தக் கிழமை ஆசிரியருக்கு இரண்டு கடிதங்கள் வந்தன. இரண்டுமே 'க்' பற்றியவை. காணாமற்போன வாழ்த்துக்களைப் பற்றி எவரும் எழுதவில்லை. எழுதியிருந்தாலும் நாங்கள் பிரசுரித்திருக்க மாட்டோம். அச்சம் ஒரு காரணம். ஆனால் அச்சம் மட்டுமே காரணம் என்று இன்று சொன்னால் அது பொய்யாகும். நாங்கள் அதைப் பற்றித் தனிமையிற்கூட அதிகம் பேசிக்கொள்ளவில்லை.

அதற்கு முன்னரும் ஒரு மறைவு நடந்திருந்தது. எனது சிறுபராயத்தில் யாழ் நகரில் சிங்களவர்கள் பேக்கரிகள் நடத்தினார்கள். 1983இன் பின்னர் அவர்களைக் காணவில்லை. தென்னிலங்கையில் எம்மவருக்கு நேர்ந்ததைப் பற்றி ஓயாது எழுதிய நாங்கள், எங்கள் சந்தியில் பாண் விற்றவர் எங்கே போனார் என்று கேட்டதில்லை.

2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாகி, ஏ-9 வீதி திறக்கப்பட்டது. மறு ஆண்டு, இடம்பெயர்ந்த முஸ்லிம்களின் நிலைமை பற்றி எழுதுவதற்காகப் புத்தளம் சென்றிருந்தேன். கிடுகுக் கொட்டில்கள் நிறைந்த ஒரு குடியிருப்பில், யாழ்ப்பாணத்தவன் என்று அறிந்து ஒருவர் என்னைத் தேடி வந்தார். நானாவின் மகன். தகப்பனார் காலமாகிச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன.

தேநீர் தந்தபின் அவர் சொன்னார்: "அண்ணன், வாப்பா கடைசி மட்டும் ஒண்டு சொல்லிக்கொண்டிருந்தவர். பேப்பர்க்காரருக்கு அந்தத் தீபாவளி விளம்பரக் காசு குடுக்கேல்லையாம். மாசமுடிவிலை குடுக்கிறதெண்டு இருந்தவராம். எவ்வளவெண்டு தெரியுமோ?"

எவ்வளவு என்று எனக்குத் தெரியவில்லை. வேண்டாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை. கடை, வீடு, ஊர் எல்லாம் பறிகொடுத்த மனிதர், தமது வாழ்த்துக்கான கட்டணத்தைக் கடனாக நினைத்தபடி இறந்திருக்கிறார். புத்தளம் பற்றிய கட்டுரையை எழுதி அனுப்பினேன். இந்தச் செய்தியை மட்டும் அதில் எழுதவில்லை. எழுதியிருந்தால், 1990 மார்கழியில் நான் திருத்திய பக்கத்தையும் எழுதியிருக்க வேண்டும்.

2009இல் போர் முடிந்தபின் யாழ்ப்பாணத்தின் கடைத்தெரு மாறிவிட்டது. கொழும்பின் பெரிய அங்காடிகளும் வங்கிகளும் வந்தன. அவற்றின் வாழ்த்துக்கள் மூன்று மொழிகளிலும் பளபளக்கின்றன. இராணுவம் நகரில் வெசாக் கூடுகளைத் தொங்கவிட்டபோது மக்களிடம் முணுமுணுப்பு எழுந்தது. வெசாக் மீதான வெறுப்பால் எழுந்த முணுமுணுப்பு அல்ல அது. துப்பாக்கியோடு நிற்பவர் சொல்லும் வாழ்த்துக்கு எப்படிப் பதில் சொல்வது என்ற தடுமாற்றம் என்றே நான் விளங்கிக்கொண்டேன். நானாவின் கட்டத்துக்கும் அந்தக் கூடுகளுக்கும் இடையிலான வேறுபாடு அதுதான். அவர் எங்களில் ஒருவராக நின்று வாழ்த்தினார். மறுப்பதற்கும் எமக்கு உரிமையிருந்தது.

முஸ்லிம் குடும்பங்களில் ஒரு பகுதி திரும்பி வந்துள்ளது. பலர் வரவில்லை. புத்தளத்தில் பிறந்த பிள்ளைகளுக்கு அதுவே ஊராகிவிட்டது. நானாவின் மகனும் திரும்பவில்லை.

ரொறன்ரோ உறவினருக்கு இவையனைத்தையும் தொலைபேசியில் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்தவர், "அண்ணை, இதை எழுதினீங்களோ?" என்று கேட்டார். இல்லை என்றேன். முப்பத்தைந்து ஆண்டுகள் தாமதமாக இப்போது எழுதுகின்றேன். 'வாழ்த்துக்கள்' என்று 'க்' போட்டே எழுதியிருக்கின்றேன். நானா அப்படித்தான் எழுதுவார்.