தூங்கச் சொன்னால் தூங்கிவிட வேண்டுமா? மழலையர் பள்ளியின் திருப்தியை அளந்த கதை

தலைப்பைப் பார்த்ததும் "பி.காம். படிக்கிறவனுக்கு பாலர் பள்ளியில் என்ன வேலை?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. காரணம் என் அக்கா மகள். மூன்றரை வயது.

அவள் போகும் பிளே ஸ்கூலில் இருந்து போன டெர்ம் முடிவில் ஒரு ஃபீட்பேக் ஃபார்ம் வந்தது. வரவேற்பு, சாப்பாடு, கழிப்பறைச் சுத்தம், மதிய உறக்கம், விளையாட்டு என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே ஐந்து கட்டங்கள். "மிகவும் திருப்தி" முதல் "மிகவும் அதிருப்தி" வரை. அக்கா அடுப்படியில் நின்றுகொண்டே எல்லாவற்றுக்கும் முதல் கட்டத்தில் டிக் அடித்துக் கொடுத்துவிட்டாள். அன்று ராத்திரி குட்டி என்னிடம் வந்து, "மாமா, அங்க தூக்கம் வரலன்னாலும் கண்ண மூடிக்கிட்டே படுத்திருக்கணும். தொறந்தா மிஸ் திட்டுவாங்க" என்றது.

நாங்கள் சந்தையியல் பாடத்தில் வாடிக்கையாளர் திருப்தி பற்றி ஒரு யூனிட்டே படித்திருக்கிறோம். ஆனால் இதில் வாடிக்கையாளர் யார்? காசு கொடுப்பது அக்கா. சேவையை அனுபவிப்பது குட்டி. ஃபார்ம் வந்தது அக்காவுக்கு. இதை இதற்கு முன் யாராவது யோசித்திருப்பார்களா என்று தேடப் போய், கிட்டத்தட்ட நூறு வருடக் கதை ஒன்று மாட்டியது.

கதை தொடங்குவது அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில். 1925இல் அங்கே குழந்தைகள் நல ஆய்வுக்கென்று ஒரு நிறுவனமும் அதோடு ஒரு நர்சரிப் பள்ளியும் வந்தன. பணம் கொடுத்தது ராக்ஃபெல்லர் குடும்பத்து அறக்கட்டளை. அங்கிருந்த ஃபுளோரன்ஸ் குட்எனஃப், வில்லார்ட் ஓல்சன் போன்றவர்கள் ஒரு புது முறையைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். நாள் முழுக்கக் குழந்தையைப் பார்த்துக் கதை எழுதாமல், குறித்த சில நிமிடங்கள் மட்டும் பார்த்துக் குறிப்பது, பிறகு மறுபடி வந்து பார்ப்பது. (நம் ஆடிட்டிங் பாடத்தில் வரும் டெஸ்ட் செக் மாதிரிதான்.) ஓல்சன் இப்படிப் பள்ளிப் பிள்ளைகள் விரல் சூப்புவதையும் நகம் கடிப்பதையும் எண்ணி 1929இல் புத்தகமே போட்டார். மில்ட்ரெட் பார்ட்டன் அதே நர்சரியில் விளையாட்டு நேரத்தில் ஒவ்வொரு குழந்தையையும் ஒரு நிமிடம் கவனித்து, சும்மா நிற்பதில் தொடங்கிச் சேர்ந்து விளையாடுவது வரை ஆறு வகையாகப் பிரித்தார். 1932இல் வெளியான அந்தப் பிரிவை இன்றும் பி.எட். மாணவர்கள் மனப்பாடம் செய்கிறார்கள்.

அந்தக் காலத்து நர்சரியின் தினசரி ஒழுங்கு ராணுவ முகாம் மாதிரி இருந்தது. காலையில் உடல் பரிசோதனை, மீன் எண்ணெய் ஒரு கரண்டி, பழச்சாறு, கழிப்பறை, சாப்பாடு, கட்டாயத் தூக்கம். 1933இல் பொருளாதார மந்தத்தின்போது வேலையிழந்த ஆசிரியர்களுக்கு வேலையும் ஏழைக் குழந்தைகளுக்குச் சாப்பாடும் கிடைக்கட்டும் என்று அமெரிக்க அரசு தொடங்கிய நர்சரிகளிலும் இதே கதைதான். எவ்வளவு சாப்பிட்டது, எத்தனை நிமிடம் தூங்கியது என்று எழுதி வைத்தார்கள். பிடித்திருந்ததா என்பதற்கு நோட்டில் பத்தி இல்லை.

அடுத்த பெரிய திருப்பம் 1980. வட கரோலினா பல்கலைக்கழகத்தில் தெல்மா ஹார்ம்ஸ், ரிச்சர்ட் கிளிஃபோர்ட் என்ற இருவரும் மழலையர் பள்ளிகளை மதிப்பிட ஓர் அளவுகோல் வெளியிட்டார்கள். எக்கர்ஸ் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். 37 அம்சங்கள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை மதிப்பெண். 1 என்றால் போதாது, 3 குறைந்தபட்சம், 5 நல்லது, 7 மிகச் சிறப்பு. பயிற்சி பெற்ற ஒருவர் வகுப்பில் ஓரமாக உட்கார்ந்து பார்த்துப் போடுவது. இதில் எனக்குப் பிடித்தது, முதலில் வரும் பகுதியே அன்றாட வேலைகள்தான். வரவேற்பதும் வழியனுப்புவதும், சாப்பாடு, தூக்கம், கழிப்பறை, சுத்தம். எல்லோரும் எழுத்தும் எண்ணும் என்று அலையும்போது, காலையில் வாசலில் குழந்தையைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்களா என்பதற்கு மதிப்பெண் வைத்தவர்களை என்ன சொல்ல!

1998இல் திருத்திய பதிப்பு வந்தது. அதில் தூக்கம் என்ற அம்சத்தில் 7 வாங்க வேண்டுமானால், சீக்கிரம் எழுந்துவிடும் குழந்தைக்கும் தூக்கமே வராத குழந்தைக்கும் வேறு ஏற்பாடு இருக்க வேண்டும். புத்தகம் பார்க்கலாம், சத்தம் போடாமல் விளையாடலாம். அக்கா மகளின் பள்ளிக்கு இதில் எத்தனை மதிப்பெண் என்று நீங்களே போட்டுக்கொள்ளுங்கள் :-)

இந்த அளவுகோல் பல நாடுகளுக்குப் போனது. நம் ஊருக்கும் வந்தது. சென்னை எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தில் தமிழ்நாட்டு நிலைமைக்கு ஏற்ப மாற்றி டெக்கர்ஸ் என்ற பெயரில் 2001 வாக்கில் ஒரு வடிவம் செய்தார்கள். ஃபீட்பேக் ஃபார்ம் அடித்த எத்தனை பிளே ஸ்கூல்காரர்களுக்கு இது தெரியுமோ!

இப்போது காமர்ஸ்காரர்களுக்கான பகுதி. 1995இல் அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வு வெளிவந்தது. கலிஃபோர்னியா, கொலராடோ, கனெக்டிகட், வட கரோலினா ஆகிய நான்கு மாநிலங்களில் சுமார் 400 குழந்தைக் காப்பகங்களை எக்கர்ஸ் முதலான அளவுகோல்களால் அளந்தார்கள். பெரும்பாலானவை சுமார் ரகம், ஏழில் ஒன்றுதான் உருப்படி. அதே காப்பகங்களைப் பற்றிப் பெற்றோரிடம் கேட்டபோது 90 சதவீதம் பேர் மிக நன்று என்றார்கள்! டெபி கிரையர், மார்கரெட் பர்ச்சினல் இருவரும் 1997இல் இதை இன்னும் நோண்டினார்கள். பெற்றோருக்கு அக்கறை இல்லாமல் இல்லை, ஒவ்வொரு அம்சமும் ரொம்ப முக்கியம் என்றே சொல்லியிருந்தார்கள். ஆனால் மதிப்பெண் மட்டும் வாரி வழங்கியிருந்தார்கள். பிறகு ஜெர்மனியில் பார்த்தாலும் பெற்றோர் மதிப்பெண் பார்வையாளர் மதிப்பெண்ணைவிட மேலேயே நின்றது.

ஏன்? அக்கா பள்ளியைப் பார்ப்பது காலையில் ஐந்து நிமிடம், சாயங்காலம் ஐந்து நிமிடம். மதியம் ஒரு மணிக்கு உள்ளே நடப்பதை அவள் எப்படிப் பார்ப்பாள்? நாம் படித்த அகர்லாஃபின் 1970ஆம் வருடத்துப் பழைய கார் சந்தைக் கட்டுரை ஞாபகம் வருகிறதா? விற்பவனுக்குத் தெரிந்தது வாங்குபவனுக்குத் தெரியாது. நாசி மோகன் என்ற பொருளாதார அறிஞர் அதே நான்கு மாநில விவரங்களை எடுத்து 2007இல் காட்டியது இதைத்தான். பெற்றோர் தரத்தை ஊகிக்கத்தான் பார்க்கிறார்கள், ஆனால் தவறான அடையாளங்களை வைத்து. உதாரணமாக, வரவேற்பறை சுத்தமாக இருந்தால் உள்ளேயும் நன்றாக இருக்கும் என்று நம்பிவிடுகிறார்கள். அக்காவை நான் கேலி செய்யவில்லை. நானும் அந்த வரவேற்பறையில் மீன் தொட்டியைப் பார்த்து வாய் பிளந்தவன்தான். இன்னொன்றும் உண்டு என்று நினைக்கிறேன். வேலைக்குப் போகிற அம்மா "அதிருப்தி" என்று டிக் அடித்தால் அடுத்த நாள் பிள்ளையை எங்கே கொண்டுபோய் விடுவாள்? அந்தப் பயமும் சேர்ந்துதான் டிக் அடிக்கிறது.

அப்படியானால் குழந்தையிடமே கேட்டால்? பெல்ஜியத்தில் லூவன் நகரத்தில் 1976லேயே இந்தப் பாதை தொடங்கிவிட்டது. பன்னிரண்டு மழலையர் பள்ளி ஆசிரியைகள் கூடி, நம் வகுப்பில் ஒரு குழந்தையின் நாள் நிமிடத்துக்கு நிமிடம் எப்படிப் போகிறது என்று கூர்ந்து பார்த்தார்கள். திருப்தியாக இல்லை. அதிலிருந்து ஃபெரே லாவர்ஸ் ஐந்து படி அளவு ஒன்றை உண்டாக்கினார். அதில் அறையையும் பொம்மையையும் அல்ல, குழந்தையின் முகத்தையும் உடம்பையும் பார்க்க வேண்டும். இயல்பாக, நிம்மதியாக இருக்கிறதா? செய்வதில் மூழ்கியிருக்கிறதா? இரண்டே கேள்வி. 1993இல் லிலியன் கட்ஸும் இதையே வேறு விதமாகச் சொன்னார். மேலிருந்து பார்க்கும் தரம் ஒன்று, கீழே குழந்தையின் இடத்திலிருந்து பார்க்கும் தரம் வேறு.

லண்டனில் அலிசன் கிளார்க், பீட்டர் மாஸ் இருவரும் 2001இல் எழுதிய மொசைக் முறை இன்னும் சுவாரசியம். மூன்று நான்கு வயதுக் குழந்தைகள் கையில் கேமராவையே கொடுத்து, உனக்கு முக்கியமானதைப் படம் எடு என்றார்கள். பிறகு அந்தப் படங்களை ஒட்டி வரைபடம் செய்து, குழந்தைகளையே பள்ளியைச் சுற்றிக் காட்டச் சொன்னார்கள்.

தூக்கத்துக்கு வருகிறேன். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் கேரன் தோர்ப், சாலி ஸ்டேட்டன் குழுவினர் மழலையர் பள்ளித் தூக்க நேரத்தை மட்டும் தனியாக எடுத்து ஆராய்ந்தார்கள். 2014இல் வந்த முடிவு: குழந்தைகளைக் கட்டாயமாகப் படுக்க வைக்கும் இடங்களில், அந்த நேரத்தில் ஆசிரியர் குழந்தை உறவின் இதமே குறைந்துவிடுகிறது. 2015இல் இன்னொன்று: ஒரு மணி நேரத்துக்கு மேல் கட்டாயமாகப் படுக்க வைக்கப்பட்ட பிள்ளைகள் இரவில் குறைவாகத் தூங்கினார்கள். குட்டி ராத்திரி பத்தரைக்கு என் முதுகில் யானை ஏறிய ரகசியம் அப்போதுதான் புரிந்தது.

ஆனால் வேடிக்கையைப் பாருங்கள். 2014இல் வந்த எக்கர்ஸ் மூன்றாம் பதிப்பில் தூக்கம் என்ற அம்சமே இல்லை. வரவேற்பு, வழியனுப்பலும் தனி அம்சமாக இல்லை. மூன்று மணி நேரம் கண்ணால் பார்ப்பதை வைத்தே மதிப்பெண் என்று ஆகிவிட்டது. பார்க்க வருகிறவர் அந்த மூன்று மணி நேரத்தைக் காலையில் வைத்துக்கொண்டால், பாய் விரிக்கும் முன்பே கிளம்பிவிடுவார். நல்ல அளவுகோல்தான், இருந்தாலும் எனக்கு இது பெரிய இழப்பாகவே படுகிறது.

இதையெல்லாம் அக்காவிடம் போனில் ஒப்பித்தேன். "பரீட்சைக்குப் படிடா" என்றாள். ஆனால் மறுநாள் மிஸ்ஸிடம் போய்ப் பேசியிருக்கிறாள். இப்போது தூக்கம் வராத பிள்ளைகளை ஓரமாகப் படப் புத்தகத்தோடு உட்கார விடுகிறார்களாம். புத்தகம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, அதிலும் கடைசிப் பக்கம் கிழிந்திருக்கிறது என்று நேற்று எனக்குப் புகார் வந்தது.