சித்திரையில் பெருகும் ஆறு
பியர்பொன்ட்ஸ் ஊரின் நிலமும் நீரும் மக்களும்



மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி சங்கத்தார் கேட்டபோது எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. நான் உயர்தரப் பரீட்சையோடு படிப்பை விட்டவன். பக்டரியில் இரவு வேலை செய்பவன். கவிதை எனக்கு வராது. அரசியல் எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் உயர்தரத்தில் நான் விரும்பிப் படித்த பாடம் புவியியல். எனவே ஒரு ஊரைப் பற்றி எழுதலாம் என்று துணிந்தேன். அது நான் பிறந்த ஊர் அல்ல. நாங்கள் இப்போது குடியிருந்து பிள்ளைகளை வளர்க்கிற பியர்பொன்ட்ஸ்.

நான் நெடுந்தீவான். கடல் சூழ்ந்த ஊரில் பிறந்தவன். மொன்றியலும் ஒரு தீவு என்பதைப் புத்தகத்தில் படித்திருந்தாலும், இங்கு வந்து ஐந்து வருடமாக அது என் மனதில் படவேயில்லை. தீவு என்றால் எங்களுக்கு வள்ளம் வேண்டும், இறங்குதுறை வேண்டும், காற்றுக் கூடினால் பிரயாணம் நிற்க வேண்டும். இங்கே பாலத்துக்கு மேலால் காரில் போகிறோம், கீழே தண்ணீர் ஓடுவதைப் பார்ப்பதுகூட இல்லை. நாங்கள் இருப்பது தீவுதான் என்பதை 2017ஆம் ஆண்டு சித்திரை மாதத்தில் ஆறே வீட்டுக்குள் வந்து எனக்குச் சொல்லித் தந்தது. அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன். முதலில் இடத்தைப் பார்ப்போம்.

தீவின் அமைப்பு

மொன்றியல் தீவு ஏறக்குறைய 50 கிலோமீற்றர் நீளமானது. அகலம் கூடிய இடத்தில் 16 கிலோமீற்றர் வரை வரும். 2021ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 20 இலட்சம் பேர் இதில் வாழ்கிறார்கள். தெற்கே பெரிய சென் லோறன்ஸ் நதி. மேற்கே இரு மலை ஏரி. ஒட்டாவா ஆறு 1,200 கிலோமீற்றருக்கு மேல் ஓடி வந்து இந்த ஏரியில்தான் விழுகிறது. ஏரியிலிருந்து தண்ணீர் நாலு வழியாகப் பிரிந்து போகிறது. அதில் ஒரு வழிதான் எங்கள் வீட்டுப் பக்கம் ஓடுகிற றிவியேர் டே பிறேறி. இந்த ஆற்றின் தென்கரையில், தீவின் வடமேற்கு மூலையில், குவான் வீதி நெடுகிலும் நீண்டு கிடக்கிறது பியர்பொன்ட்ஸ். ஆற்றுக்கு அந்தப் பக்கம் லாவால். அதுவும் ஒரு தீவுதான்.

இந்த ஆற்றுக்குப் பெயர் வந்த கதை எங்களுக்கு மிகவும் பொருந்தும். 1600களின் தொடக்கத்தில் டே பிறேறி என்ற பிரெஞ்சுக்காரர் சென் லோறன்ஸ் நதியில் போவதாக நினைத்து வழி தவறி இந்த ஆற்றுக்குள் வந்துவிட்டாராம். அவருடைய பெயரையே சாம்பிளேன் இந்த ஆற்றுக்கு வைத்தார். வழி தவறி வந்த ஒருவனின் பெயர் நானூறு வருடமாக நிலைத்து நிற்கிறது! மொஹோக் மக்கள் இதைத் தங்கள் மொழியில் ‘தீவுக்குப் பின்னால் ஓடும் ஆறு’ என்று அழைத்தார்கள். அந்த மக்கள் இன்றும் ஏரிக்கு அக்கரையில் கனேசற்றாகேயில் வாழ்கிறார்கள். 1990ஆம் ஆண்டு தங்கள் நிலத்துக்காக 78 நாட்கள் தடை போட்டு நின்றவர்களில் அவர்களும் அடங்குவர்.

ஊரும் பெயரும்

1642இல் பிரெஞ்சுக்காரர் மொன்றியலில் குடியேறினார்கள். 1663இலிருந்து தீவு முழுவதும் சுல்பிசியன் குருமாரின் உடைமையாக இருந்தது. 1701இல் பிரெஞ்சுக்காரருக்கும் பல பூர்வீக மக்களினங்களுக்கும் இடையே சமாதான உடன்படிக்கை ஏற்பட்ட பின்னர்தான் இந்த மேற்குப் பக்கத்தில் சனம் பயமில்லாமல் குடியேறியது. 1741இல் சென்ற் ஜெனவியேவ் என்ற கோயிற்பற்று அமைந்தது. காணிகளை ஆற்றிலிருந்து உள்ளே போகும் ஒடுக்கமான நீண்ட துண்டுகளாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் கொஞ்சமாவது ஆற்றங்கரை வேண்டும். அந்தக் காலத்தில் ஆறுதான் வீதி. தண்ணீர் எடுப்பதும் அதில், பயணம் செய்வதும் அதில். நெடுந்தீவில் பவளக் கற்களை அடுக்கிக் காணிகளைப் பிரித்த மதில்களைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். தீவில் வாழ்கிறவன் காணியைத் தண்ணீரைப் பார்த்துத்தான் பிரிப்பான்.

1806இல் பிலேமோன் றைட் என்பவர் ஒட்டாவா ஆற்றுப் பக்கமிருந்து மரக்குற்றிகளைப் பெருந் தெப்பமாகக் கட்டி இந்த ஆறு வழியாகக் கியூபெக் நகரத்துக்குக் கொண்டு போனார். அதற்குப் பிறகு பல பத்தாண்டுகளாகத் தெப்பக்காரர்களின் பாதையாக இது இருந்தது. இன்றைக்கு நாங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் நின்று பார்க்கிற ‘வெள்ளைக் குதிரை’ நீர்ச்சுழி அந்தத் தெப்பக்காரர்களுக்கு ஆபத்தான இடமாக இருந்திருக்கும்.

பியர்பொன்ட்ஸ் என்ற பெயர் பின்னர் வந்தது. ஜோசப் அடோல்ப் சோறே என்ற நொத்தாரிசு, பிரான்சிலுள்ள பியர்பொன்ட்ஸ் கோட்டையின் சாயலில் 1902இல் இங்கே ஒரு வீடு கட்டினார். அந்த வீட்டிலிருந்து பெயர் ஊருக்கு வந்தது. 1958இல் ஊர் பியர்பொன்ட்ஸ் நகரசபையாகியது. இதை வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் நெடுந்தீவுக்கும் ஒல்லாந்தர் தங்கள் நாட்டு டெல்வ்ற் நகரத்தின் பெயரை வைத்தார்கள். அந்தப் பெயர் இன்றும் ஆங்கிலப் படங்களில் இருக்கிறது. ஆனால் சனம் நெடுந்தீவு என்றுதான் சொல்லும்.

காலநிலை

எங்கள் பக்கத்தில் வருடம் முழுவதும் ஏறக்குறைய ஒரே வெப்பநிலை. 28 பாகை அளவில் நிற்கும். இங்கே தை மாதச் சராசரி பூச்சியத்துக்குக் கீழே 10 பாகை, ஆடியில் பூச்சியத்துக்கு மேலே 21. வருடத்தில் இரண்டு மீற்றர் அளவு பனி கொட்டும். ஆனால் ஒரு விசயம் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். வானம் தருகிற தண்ணீரில் இரண்டு இடத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருடத்துக்கு ஏறக்குறைய 1,200 மில்லிமீற்றர் மழை. மொன்றியலில் மழையும் பனியும் சேர்த்து ஏறக்குறைய 1,000. வித்தியாசம் எங்கே என்றால், அங்கே ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை பெய்கிற மழைதான் முக்கியம். ஆறு கிடையாது. பெய்த நீர் சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி உப்புத் தண்ணீருக்கு மேலே ஒரு மெல்லிய நன்னீர்ப் படையாகக் கிடக்கும். அதைத்தான் கிணற்றில் அள்ளுகிறோம். ஆசைப்பட்டுக் கூட இறைத்தால் உவர் ஏறிவிடும்.

இங்கே பனி மாதக்கணக்காகக் காட்டிலும் வயலிலும் சேர்ந்து கிடந்து பங்குனி சித்திரையில் உருகுகிறது. ஒட்டாவா ஆற்றுக்குத் தண்ணீர் தருகிற நிலப்பரப்பு ஒரு இலட்சத்து நாற்பத்தாறாயிரம் சதுர கிலோமீற்றர். முழு இலங்கையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல்! எங்கள் வீட்டு முற்றத்தில் பனி போய்ப் புல் முளைத்த பிறகும், வடக்கே தூரத்தில் உருகிய பனி கிழமைக்கணக்கில் வந்துகொண்டேயிருக்கும். ஆகவே, எங்கள் ஊரில் சித்திரை என்றால் கிணறு வற்றத் தொடங்குகிற காலம். இங்கே சித்திரை என்றால் ஆறு பெருகுகிற காலம். புத்தாண்டுக்கு மருத்துநீர் வைத்து முழுகிவிட்டு ஆற்றையும் ஒருக்கா எட்டிப் பார்க்க வேண்டிய ஊர் இது.

சனத்தொகை

1958இல் நகரசபையானபோது இங்கே பெரும்பாலும் தோட்டக் காணிகளும் கோடை விடுதிகளும்தான். பிறகு காணிகள் வீட்டு நிலங்களாக மாறின. 2001ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் பியர்பொன்ட்ஸில் ஏறக்குறைய 55 ஆயிரம் பேர். 2002 தை முதலாம் திகதி இந்த நகரசபை மொன்றியலோடு இணைக்கப்பட்டது. 2004 ஆனி 20ஆம் திகதி, பிரிந்து போவதா என்று வாக்கெடுப்பு நடந்தது. பிரிய வேண்டுமானால் பதிவான வாக்காளரில் 35 சதவீதமாவது ஆமென்று போட்டிருக்க வேண்டும். பியர்பொன்ட்ஸில் அது சேரவில்லை. பக்கத்து டொலார்ட் பிரிந்து தனி நகரசபையானது. நாங்கள் றொக்ஸ்பரோவோடு சேர்ந்து மொன்றியலின் ஒரு பிரிவாக இருக்கிறோம். இப்போது இந்தப் பிரிவில் 70 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் வாழ்கிறார்கள்.

எம்மவர் இங்கு வந்த கதையும் இதற்குள் அடங்கும். 1986 ஆவணியில் 155 தமிழர்கள் உயிர்காப்புப் படகுகளில் நியூபவுண்ட்லாந்துக் கரையோரம் மீட்கப்பட்டதை மூத்தவர்கள் அறிவார்கள். அக்காலத்தில் மொன்றியலுக்கு வந்தவர்களில் அநேகர் முதலில் கோட் டே நேஜ், பார்க் எக்ஸ்ரென்சன் பக்கம் வாடகைக்கு இருந்தார்கள். பிள்ளைகள் வளர, கையில் நாலு காசு சேர, மேற்குப் பக்கம் நகர்ந்தார்கள். டொலார்டில் முருகன் கோயில் எழுந்த பிறகு இந்தப் பகுதி எங்களுக்கு இன்னும் ஊராகியது. நேரெதிராக, நெடுந்தீவில் 2012ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நாலாயிரம் பேர்கூட இல்லை. 1985 மே 15இல் குமுதினிப் படகில் எங்கள் சனம் வெட்டிக் கொல்லப்பட்டது. அது நான் பிறக்க முன்னர் நடந்தது. ஆனால் கடலைத் தாண்டும் ஒவ்வொரு முறையும் அம்மா சாமியைக் கும்பிட்டதைப் பார்த்துத்தான் வளர்ந்தேன். தண்ணீர் சூழ்ந்த ஊரில் சனம் குறைவதற்குத் தண்ணீர் மட்டும் காரணமல்ல.

2017 சித்திரை

இனி என் கதை. அப்போது ஆற்றுக்குக் கிட்ட ஒரு பேஸ்மன்றில் வாடகைக்கு இருந்தோம். மலிவு வாடகை. கைக்குழந்தை. வீட்டுக்காரர் முந்திய வெள்ளங்களைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றே எனக்குத் தெரியாது. 1974இலும் 1976இலும் இந்தப் பக்கம் பெரிய வெள்ளம் வந்ததை, என்னோடு வேலை செய்கிற ஒரு வயதுபோன பிரெஞ்சுக்காரர்தான் பிறகு சொன்னார்.

அந்த வருடம் சித்திரை முழுவதும் மழை. பனியும் உருகியது. மே முதற் கிழமை ஒரு நாள் இரவு வேலையில் நிற்க மனைவி ரெலிபோன் எடுத்தா. “குளியலறை வடிகாலால தண்ணி மேல வருது” எண்டா. நான் குழாய் உடைஞ்சிருக்கும் எண்டு நினைத்தேன். விடிய ஏழு மணிக்கு வந்து பார்த்தால் படிக்கட்டில் முழங்காலளவு தண்ணீர். மனைவியும் பிள்ளையும் மேல்வீட்டில். அந்தப் பிரெஞ்சுக்காரர் தன்னுடைய பிக்கப்போடு வந்தார். எனக்குப் பிரெஞ்சு அரைகுறை, அவருக்கு ஆங்கிலம் அரைகுறை. இருவரும் கட்டிலையும் குழந்தையின் சாமான்களையும் தூக்கினோம். மே 7ஆம் திகதி மொன்றியல் நகரபிதா அவசர நிலை அறிவித்தார். இராணுவம் மண்மூட்டையோடு வந்து இறங்கியது. பச்சை உடுப்பைக் கண்டதும் மனைவி உள்ளே போய்விட்டா. உதவி செய்கிற இராணுவத்தை நாங்கள் அதற்கு முன் கண்டதில்லைத்தானே.

கட்டிலுக்குக் கீழே ஒரு சூட்கேஸ் இருந்தது. அதற்குள் பேரனாரின் கிணற்றடிக் காணி உறுதி. நெடுந்தீவில் நல்ல தண்ணீர்க் கிணறு உள்ள காணிக்கு என்ன மதிப்பு என்று தீவார் அறிவார்கள். உப்புக் கடல் தொடாத அந்த உறுதியை இங்கே நல்ல தண்ணீர் வந்து நனைத்துவிட்டது. சிநேகிதரின் வீட்டில் ஒவ்வொரு தாளாகப் பேப்பருக்கு மேல் போட்டுக் காயவைத்தோம். முத்திரை மை கரைந்து போனாலும் எழுத்து வாசிக்கலாம். இன்றும் வைத்திருக்கிறேன்.

ஏன் வந்தது?

அந்த வருடம் கரியோன் அணைக்கட்டில் ஒட்டாவா ஆறு நொடிக்கு 8,800 கனமீற்றருக்கு மேல் ஓடியது. ‘நூறு வருடத்துக்கு ஒருமுறை’ என்று சனம் ஆறுதல் சொன்னது. இரண்டே வருடத்தில், 2019இல், அது 9,000ஐயும் தாண்டியது. ஏப்ரல் 26இல் மீண்டும் அவசர நிலை. ஆனால் இம்முறை முன்கூட்டியே அணை கட்டினார்கள், மண்மூட்டை அடுக்கினார்கள். சேதம் குறைந்தது. நாங்கள் அப்போது மேட்டில் ஒரு மாடி வீட்டுக்கு மாறியிருந்தோம். எங்கட பொடியள் நாலைந்து பேரோடு நானும் மண்மூட்டை கட்டப் போனேன். அதே ஆண்டு பியர்பொன்ட்ஸின் மேற்கில் ஆயிரக்கணக்கில் வீடுகள் கட்டத் திட்டமிட்டிருந்த காணியை நகரசபை விலைக்கு வாங்கிப் பெரிய பூங்காவோடு சேர்த்தது. ஈரநிலம் வெள்ளத்தைக் குடிக்கும். ஊரில் குளத்தையும் தரவையையும் மூடி வீடு கட்டினால் என்ன நடக்கும் என்று எங்கள் பெரியவர்கள் சொன்னதும் இதுதான்.

வாசகர்களுக்கு

ஆகவே பட்டறிவில் சில விடயங்கள் சொல்கிறேன். வீடு வாங்க முன், வாடகைக்கு எடுக்க முன், நகரசபையிடம் வெள்ள வரைபடத்தைக் கேட்டுப் பாருங்கள். முன்னர் தண்ணீர் வந்ததா என்று வீட்டுக்காரரிடமும் அயலவரிடமும் வாய்விட்டுக் கேளுங்கள். வடிகால் தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் வால்வு இருக்கிறதா என்று பாருங்கள். சாதாரண வீட்டுக் காப்புறுதி, ஆறு பெருகி வருகிற வெள்ளத்துக்குப் பொதுவாகப் பணம் தராது. பத்திரத்தை வாசியுங்கள். உறுதி, பிறப்புச் சாட்சிப் பத்திரம், அகதி வழக்குக் கடிதங்களைக் கட்டிலுக்குக் கீழே வைக்காதீர்கள். வாக்குரிமை கிடைத்தவர்கள் நகரசபைத் தேர்தலுக்கும் போங்கள். அணையும் வடிகாலும் அங்கேதான் தீர்மானமாகிறது.

நெடுந்தீவில் எந்தக் கிணறு நல்லது, எது உவர் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அங்கே பிறந்ததால் மட்டும் தெரியவில்லை. பெரியவர்கள் சொல்லித் தந்தார்கள். பியர்பொன்ட்ஸில் பிறக்கிற எங்கள் பிள்ளைகளுக்கு இந்த ஆற்றைப் பற்றிச் சொல்லித் தர, எங்களைவிட வேறு பெரியவர்கள் இல்லை. இந்தப் புத்தாண்டில் கோயிலுக்குப் போய் வரும்போது, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒருக்கா ஆற்றங்கரைக்கும் போங்கள். தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று காட்டிக் கொடுங்கள்.