மழை கொடுத்த மணிகள்

புதுச்சேரிப் பெரிய மார்க்கெட்டின் பின்புறச் சந்து ஒன்றில் பாசிக்கடை பாயின் கடை இருந்தது. பெயர்ப்பலகை கிடையாது. 8 அடி அகலம். உள்ளே போகப் போக இருட்டு. கூரையிலிருந்து சரம் சரமாகத் தொங்கும் மணிகளுக்கு நடுவே ஒற்றை விளக்கின் கீழ் ஏறத்தாழ 45 ஆண்டுகள் அவர் உட்கார்ந்திருந்தார். அவர் மறைந்து சில ஆண்டுகள் ஆகின்றன. கடை இருந்த இடத்தில் இப்போது கைப்பேசி உறைகள் விற்கிறார்கள். அரிக்கமேட்டைப் பற்றி எவரேனும் எழுதக் காணும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவு வருகிறது. அவ்வூர் வரலாற்றில் அவருக்கு ஓரிடம் உண்டு. அந்த இடம் வெற்றிடமாகிப் போனதில் எனக்கும் பங்குண்டு.

ஆயாவின் கையைப் பிடித்துக்கொண்டு 7 வயதில் முதன்முதலாக அங்கே போனேன். ஆயாவின் பவளச் சரம் அறுந்துவிட்டிருந்தது. அதைக் கோத்துக் கொடுத்த பாய், என் உள்ளங்கையில் ஒரு நீல மணியை வைத்து, "பாப்பா, வாயில போட்டுக்காத" என்றார். அக்கடைக்கு வராதவர் இல்லை. இஸ்லாமிய வீடுகளுக்குக் கருகமணி, மாதா கோயில் பெண்களுக்கு ஜெபமாலை மணி, பச்சைக் குழந்தையின் அரைஞாணுக்குக் கறுப்பு மணி. நரிக்குறவர் வந்தால் கொத்துக் கொத்தாக வாங்கிப் போவார்கள். அவர்களுக்குக் கோப்பதற்குத் தூண்டில் நரம்பும் அங்கேயே கிடைக்கும். ருத்திராட்சமும் தஸ்பீஹ் மணியும் ஒரே ஆணியில் தொங்கின. யாரும் அதை ஒரு செய்தியாக எண்ணியதாகத் தெரியவில்லை.

தமிழில் 'மணி' என்ற சொல்லின் மீதுள்ள பாரம் பெரிது. இரத்தினமும் அதுதான், நெல்லின் தனி வித்தும் அதுதான், கோயிலில் ஒலிப்பதும் கடிகாரம் காட்டுவதும் அதுதான். சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில் மதுரையின் நவமணி வீதியை இளங்கோவடிகள் விரித்துரைக்கிறார். கற்களின் குணங்களும் குற்றங்களும் அங்கே ஒவ்வொன்றாக எண்ணப்படுகின்றன. முதுகலை படித்துக்கொண்டிருந்த நாளில், புதிதாகக் கற்ற பெருமிதத்தோடு அதைப் பாயிடம் சொன்னேன். கையிலிருந்த ஊசியை நிறுத்தாமலே கேட்டுவிட்டு, "குத்தம் பாக்குறது கல்லுக்கும்மா. கண்ணாடிக்கு ஓட்டையத்தான் பாக்கணும்" என்றார்.

அன்று அவர் நடத்திய பாடத்தைப் பின்னாளில் ஆய்வு நூல்களில் படித்து வியந்திருக்கிறேன். கண்ணாடி மணியில் இருவகை முதன்மையானவை. உருகிய கண்ணாடியைக் கம்பி மேல் சுற்றிச் செய்வது ஒன்று. அதில் குமிழிகளும் கோடுகளும் துளையைச் சுற்றி வளையும். குழாயாக இழுத்து நறுக்கிச் செய்வது மற்றொன்று. அதில் அவை துளைக்கு இணையாக நீளும். பாய் இவற்றைச் 'சுத்துன மணி', 'இழுத்த மணி' என்பார். மணியை விளக்குக்கு நேரே பிடித்து ஒரு கண்ணை மூடுவார். அடுத்த நொடி அது உரிய டப்பாவில் விழும். சுற்றிய மணிகள் உத்தரப் பிரதேசத்துப் புர்தில்நகரிலிருந்து வந்தன. இழுத்த மணிகள் ஒரு காலத்தில் திருப்பதிக்கு அருகிலுள்ள பாப்பாநாயுடுபேட்டையிலிருந்து வந்தனவாம். அங்கே நீண்ட இரும்புக் குழாயின் நுனியில் கண்ணாடியைப் பெரிய கூம்பாகத் திரட்டி, நடுவில் துளை நிலைக்கும்படி செய்து, உலையின் மறுபுறத்திலிருந்து கொக்கியால் பற்றி, நிறுத்தாமல் மணிக்கணக்கில் இழுப்பார்கள். கண்ணாடியோடு துளையும் சேர்ந்து நீளும். நறுக்கிய துண்டுகளைச் சாம்பலோடு கலந்து மறுபடி சூடேற்றினால் கூர்முனைகள் மழுங்கிவிடும்.

இந்தத் தொழில்முறையை ஆராய்ந்து உலகுக்கு எடுத்துச் சொன்னவர் பீட்டர் பிரான்சிஸ் என்ற அமெரிக்கர். வாழ்நாள் முழுதும் மணிகளையே ஆராய்ந்தவர். தென்னாப்பிரிக்கா முதல் ஜப்பான் வரை மண்ணில் கிடைக்கும் சின்னஞ்சிறு இழுத்த மணிகளுக்கு 'இந்தோ-பசிபிக் மணிகள்' என்று பெயரிட்டவரும் அவரே. அவற்றைச் செய்த பழம் பட்டறைகளுள் தலையாயது அரிக்கமேடு என்பது அவர் முடிவு. ஆசியக் கடல்வழி மணி வாணிகம் பற்றிய அவருடைய பெருநூல் 2002-இல் வெளிவந்தது. அதே ஆண்டில் அவர் கானாவில் காலமானார்.

அரிக்கமேடு புதுச்சேரிக்குத் தெற்கே சுமார் 4 கி.மீ. தொலைவில் அரியாங்குப்பம் ஆற்றின் கரையில் இருக்கிறது. ஆறு கரையை அரிக்கும். மழை மேட்டைக் கழுவும். கழுவிய மண்ணில் மணிகள் கிடக்கும். 1930களில் பிரெஞ்சுப் பேராசிரியர் ழுவோ-துப்ரெய்லிடம் அவ்வூர்ச் சிறுவர்கள் இப்படிப் பொறுக்கியவற்றைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். உரோமப் பேரரசன் அகஸ்டஸின் தலை என்று கருதப்பட்ட உருவம் பொறித்த கல்லும் அக்காலத்தில் வெளிப்பட்டதே. 1945-இல் வீலர் அங்கே அகழ்ந்தார். தொடர்ந்து கசால் 1947 முதல் 1950 வரையும், விமலா பெக்லி 1989 முதல் 1992 வரையும் அகழ்ந்தனர். இந்த வரிசை எல்லா நூல்களிலும் இருக்கிறது. முதலில் மணியைக் குனிந்து எடுத்த சிறுவர்களில் ஒருவர் பெயரைக்கூட நான் எந்த நூலிலும் பார்த்ததில்லை.

பாயின் கடைக்கும் சிறுவர்கள் வந்தார்கள். அவருடைய வாப்பா காலத்திலேயே அது தொடங்கிவிட்டதாம். பெருமழை ஓய்ந்த மறுநாள் சட்டைப் பையில் 10, 15 மணிகளோடு ஓரிருவர் வந்து நிற்பார்கள். பாய் பென்சிலோ, பிஸ்கட்டோ, சில்லறையோ கொடுப்பார். வாங்கிய மணியை விற்றதே இல்லை. பெரிய பிஸ்கட் டப்பா ஒன்றில் போட்டுவைப்பார். மணிகளில் புதுமண் ஒட்டியிருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார். "மழை கொடுத்தத வாங்குவேன். மம்முட்டி கொடுத்தத வாங்கமாட்டேன்" என்பது அவர் சட்டம். பெக்லியின் குழு அகழ்ந்துகொண்டிருந்த பருவங்களில் ஒரு மணியைக்கூட அவர் வாங்கவில்லையாம். எது மழையில் வந்தது, எது குழியிலிருந்து வந்தது என்று தம்மால் பிரித்தறிய முடியாது என்பதே காரணம். வியாபாரி வாங்குவதால்தான் பிள்ளைகள் பொறுக்குகிறார்கள் என்று ஒரு தொல்லியலாளர் கண்டிக்கக்கூடும். அது முழுவதும் தவறன்று. பாயும் அதை மறுத்ததில்லை.

டப்பாவோடு ஒரு நோட்டும் இருந்தது. காலிகோ அட்டை போட்ட நீளமான கணக்கு நோட்டு. கொண்டுவந்த பிள்ளையின் பெயர், நாள், மேட்டின் எந்தப் பக்கம், எத்தனை, என்ன நிறம், பதிலுக்குக் கொடுத்தது என்ன என்று ஒவ்வொரு வரவும் அதில் பதிவாகியிருந்தது. கடன் கணக்கு எழுதும் பழக்கத்தில் எழுதியதுதான். ஆனால் மண்ணிலிருந்து பிரிந்த மணிக்கு ஊர் கிடையாது, வயது கிடையாது. கண்டெடுத்த இடம் தெரியாவிட்டால் அது வெறும் அழகுப் பொருள். இந்த அடிப்படையைக் கல்லூரிக்குப் போகாத ஒரு கடைக்காரர் கடைப்பிடித்திருக்கிறார். அந்த வயதில் எனக்கு அது புரியவில்லை.

எனக்குப் புரிந்ததெல்லாம் சட்டம். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தைப் பற்றி அரைகுறையாகக் கேள்விப்பட்டிருந்தேன். 100 ஆண்டுகளுக்கு மேற்பட்டவை தொல்பொருள்கள், அவற்றை இப்படி டப்பாவில் வைத்திருக்கலாகாது, ஒப்படைத்துவிடுங்கள் என்று ஒருநாள் அவரிடம் சற்றுக் கடுமையாகவே பேசினேன். அவர் கோபப்படவில்லை. நோட்டைத் திறந்து காட்டி, "குடுத்துடலாம்மா. இந்தப் புள்ளைங்க பேரயும் சேத்து எழுதிக்குவாங்களா?" என்று கேட்டார். எழுதுவார்கள் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. எழுதமாட்டார்கள் என்று சொல்ல மனமில்லை. விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். விசாரிக்கவில்லை. வேலை கிடைத்து வேறூருக்குப் போனேன். விடுமுறையில் போகும்போதெல்லாம் அவர் கேட்பார். பிறகு கேட்பதை விட்டுவிட்டார். நோட்டைப் படியெடுக்க ஒரு பிற்பகல் போதுமாயிருந்தது. சந்து முனையிலேயே ஜெராக்ஸ் கடை இருந்தது.

ஒரு மழைக்காலத்தில் அவர் மௌத்தான செய்தி 10 நாள் கழித்தே எனக்கு எட்டியது. போனபோது கடை பாதி காலியாகியிருந்தது. "அத்தா இத உங்ககிட்ட குடுக்கச் சொன்னாரு, டீச்சரம்மா" என்று மகன் அந்த டப்பாவைக் கொடுத்தார். நோட்டைக் கேட்டேன். பழைய கணக்கு நோட்டுகளையெல்லாம் மூட்டையாகக் கட்டி எடைக்குப் போட்டாயிற்று என்றார். அவர் மேல் குற்றமில்லை. அவருக்கு அது பென்சிலும் பிஸ்கட்டும் எழுதிய நோட்டு. பழைய பேப்பர் கடைக்கு ஓடினேன். மூட்டை அதற்கு முதல் வாரமே போய்விட்டிருந்தது.

டப்பாவை உரிய அலுவலகத்தில் ஒப்படைத்தேன். கிடைத்த ஒப்புகைச் சீட்டில் 'கண்ணாடி மணிகள், ஒரு டப்பா, கண்டெடுத்த இடம் தெரியவில்லை' என்றிருந்தது. அரிக்கமேடு என்று எழுதச் சொன்னேன். ஆதாரம் இருக்கிறதா என்று கேட்டார்கள். அவர்கள் கேட்டது முறைதான்.

நோட்டில் நான் கண்ணால் பார்த்த பக்கங்கள் நான்கைந்துதான் இருக்கும். நினைவில் நிற்பவை மூன்று வரவுகள். பிள்ளைகளின் பெயர்கள் நினைவில் இல்லை. அவற்றையாவது அன்று வாய்விட்டுப் படித்திருக்கலாம்.

ஆற்றோரம், தென்னை வேர் அருகில்: சிவப்பு 11, நீலம் 2. பென்சில் 1.

மாந்தோப்பு மேடு, வடபுறம்: பச்சை 6, மஞ்சள் 1, ஓட்டை அடைத்தது 1. பிஸ்கட்.

ஆற்றோரம், படகு கட்டும் இடம்: கறுப்பு 4. தங்கச்சியும் கூட வந்தது. 25 பைசா, இருவருக்கும்.