பனியன் கம்பெனிக்குள் நுழைந்த பூகோளம்

பூகோளம் என்றால் எங்க ஊரில் பத்தாவதோடு சரி. ஆற்றுக்கு நீலக் கலர், மலைக்குப் பழுப்புக் கலர் அடித்தால் பாடம் முடிந்தது. "அதைப் படிச்சு என்னத்தப் பண்றது? ஒரு ஓவர்லாக் மெஷின் போட்டா வருசம் பூரா சோறு போடும்" என்பார் சித்தப்பா. திருப்பூர்க்காரர் வேறென்ன சொல்வார்? நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், எங்க ஊரைப் பற்றிய ஒரு ஆங்கிலப் புத்தகம் கைக்கு வரும்வரை.

ஷரத் சாரி எழுதிய 'ஃப்ரெட்டர்னல் கேப்பிடல்'. 2004ல் வந்தது. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பதிப்பகம், இங்கே பெர்மனன்ட் பிளாக் வெளியீடு. முழுக்க முழுக்க திருப்பூர் பனியன் தொழிலின் கதை. சரி, பொருளாதாரக்காரர் போலிருக்கிறது என்று நினைத்தேன். இல்லைங்க. கலிஃபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகத்துப் புவியியல் துறையில் முனைவர் பட்டத்துக்காகச் செய்த ஆராய்ச்சி அது!

பனியனுக்கும் பூகோளத்துக்கும் என்னய்யா சம்பந்தம் என்று தேடிப் பார்த்தேன். அந்தத் துறை 1898ல் ஆரம்பித்தது. 1923ல் அங்கே வந்து முப்பது வருசம் போல அதை வழிநடத்தியவர் கார்ல் சாவர். ஒரு நிலத்தின் இன்றைய முகம் மனுசன் காலங்காலமாகச் செய்த வேலையால் வந்தது, அதைப் புரிந்துகொள்ள நேரில் போய்ப் பார், பழைய வரலாற்றையும் படி என்பது அவர் பாடம். 1925ல் இதை விளக்கி ஒரு புகழ்பெற்ற கட்டுரையும் எழுதினார். ஆக, காடு கழனியைப் பார்க்கிற அதே கண்ணால் பனியன் கம்பெனியையும் பார்க்கலாம்.

அடுத்து அங்கே இருந்த வசதிகள். வரைபடங்கள் சேர்த்துவைத்த நூலகம். தமிழ் படிக்க வேண்டுமா, ஜார்ஜ் ஹார்ட் அங்கேதான் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். தமிழ்ப் புத்தகங்கள்? அது இன்னும் சுவாரசியம். பி.எல். 480 கோதுமை ஞாபகம் இருக்கிறதா? அமெரிக்கா நமக்கு அந்தக் கோதுமையை ரூபாய்க்கு விற்றது. அப்படிச் சேர்ந்த ரூபாயில் ஒரு பகுதியைக் கொண்டு, 1962லிருந்து இந்தியப் புத்தகங்களை வாங்கி அந்த நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பினார்கள். பெர்க்லியும் அதில் ஒன்று. கோதுமை இங்கே வந்தது, புத்தகம் அங்கே போனது. நம்ம ரேஷன் கடைக் கோதுமைக்கு இப்படி ஒரு மறுபக்கம் இருக்கும் என்று யார் கண்டது!

ஆனால் என்னைக் கேட்டால் எல்லாவற்றையும்விடப் பெரிய வசதி, நேரம். 1990களின் பிற்பாதியில் சாரி திருப்பூரிலேயே தங்கி முதலாளிகளையும் தொழிலாளிகளையும் பார்த்துப் பேசினார். இரண்டு நாள் வந்து நாலு பேரிடம் பேட்டி எடுத்துப் போகிற வேலையாக இருந்திருந்தால், எல்லாரும் சொல்கிற பதிலோடு திரும்பியிருப்பார்.

அந்தப் பதில் என்ன? "உழைப்பு." எப்படிங்க முன்னுக்கு வந்தீங்க என்று கேட்டால், விவசாயக் குடும்பத்திலிருந்து வந்து, மெஷினில் வேலை செய்து முதலாளியான கவுண்டர்கள் பலரும் இந்த ஒரு சொல்லைத்தான் சொன்னார்கள். சாரி அதைப் பொய் என்று தள்ளவில்லை. அப்படியே எழுதிக்கொண்டு போய்விடவும் இல்லை. அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போனார். தோட்டத்தில் ஆளோடு ஆளாக இறங்கி வேலை செய்துகொண்டே ஆளை வேலை வாங்குகிற பழக்கம் இவர்களுக்கு ஏற்கெனவே இருந்தது. அதுவே கம்பெனிக்குள்ளும் வந்தது. கூட்டுச் சேர்ந்து சின்னச் சின்ன யூனிட்டாகப் போட்டார்கள், ஜாப் ஒர்க் கொடுத்து வாங்கினார்கள். புத்தகத் தலைப்பில் இருக்கும் சகோதரத்துவம் இதுதான்.

ஆனால் உழைத்த எல்லோரும் முதலாளி ஆனார்களா? அந்தத் தோட்டத்திலேயே கூலிக்கு உழைத்த தலித்துகள்? ஏற்றுமதி பெருகியபோது ஏராளமாக உள்ளே வந்த பெண்கள்? அவர்கள் உழைப்பு ஏன் 'உழைப்பு' கணக்கில் வரவில்லை? அந்தப் புத்தகம் கேட்கிற கேள்வி இது.

இதைப் படித்துவிட்டு நான் சும்மா இருந்திருக்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தப்பாவிடம் சொல்லிவிட்டேன்.

"அப்ப நாங்க உழைக்கலைங்கிறியா?" என்றார். முகம் சிவந்துவிட்டது.

"உழைச்சீங்க சித்தப்பா. எங்கம்மாவும்தான் உங்க கம்பெனில பதினெட்டு வருசம் பிசிறு வெட்டுனாங்க. ஏன் அவங்களுக்குன்னு ஒரு மெஷின்கூட இல்ல?"

பதில் இல்லை. காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார். அம்மா எனக்கு விட்ட டோஸ் தனி. ஆனால் அன்றைக்கு ராத்திரி, "அந்தப் புஸ்தகத்துல பிசிறு வெட்டறதெல்லாமா எழுதியிருக்கு?" என்று மெதுவாகக் கேட்டார்.

நம்மவர்கள் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். 1926லேயே சென்னையில் புவியியல் சங்கம் தொடங்கி, சொந்தமாக இதழும் நடத்தினார்கள். இன்றைய இந்தியப் புவியியல் சங்கம் அதுதான். சாரியின் புத்தகத்துக்குப் பத்து வருசம் முன்பே, 1994ல், சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தில் பத்மினி சுவாமிநாதனும் ஜெயரஞ்சனும் திருப்பூர் பற்றி ஆய்வறிக்கை எழுதினார்கள். பிற்பாடு இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்திலிருந்து புவியியலாளர் கிரேஸ் கார்ஸ்வெல், மானிடவியலாளர் கீர்ட் டி நெவ்வோடு சேர்ந்து நம் சுற்றுவட்டார கிராமங்களில் வருசக்கணக்கில் ஆய்வு செய்தார்.

இன்னும் எவ்வளவோ பாக்கி இருக்கிறது. 1992ல் பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயத்தண்ணீர்த் தொட்டியானது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. எந்தத் தோட்டம் எந்த வருசம் கெட்டது, யார் நிலத்தை விற்றார்கள், யார் மெஷினில் உட்கார்ந்தார்கள்? செயற்கைக்கோள் படம் நிலத்தைக் காட்டும், காரணத்தைச் சொல்லாது. அதற்கு ஒரு ஆள் ஊரில் தங்கி, வீடு வீடாகப் போய் உட்கார வேண்டும்.

உங்க வீட்டுப் பிள்ளை பூகோளம் படிக்கிறேன் என்று சொன்னால் சிரிக்காதீங்க. சித்தப்பா இப்போது என்னோடு பேசுகிறார். பூகோளத்தைப் பற்றி மட்டும் பேசுவதில்லை.