தறிக்குழியில் தண்ணீர்

ஆரணியைப் பற்றிய பழைய வரலாறுகளில் கோட்டை வரும், போர் வரும். 1751இல் ஆர்க்காட்டு முற்றுகை முடிந்த கையோடு ராபர்ட் கிளைவ் ரசா சாகிபின் படையைத் தோற்கடித்தது இங்கேதான். 1782இல் ஐதர் அலியும் அயர் கூட்டும் மோதியதும் இங்கேதான். பிறகு ஜாகீர்தார்கள், அவர்களுடைய அரண்மனை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆரணி மஸ்லின் என்று பெயர்பெற்ற மெல்லிய பருத்தித் துணி, இருபதாம் நூற்றாண்டில் பட்டு. இன்று அந்தப் பட்டுக்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது. இந்த வரிசையில் வீடு எங்கேயும் வராது. மஸ்லினும் சரி, பட்டும் சரி, நெய்யப்பட்டது முழுக்க வீட்டுக்குள்தான். அந்த வீட்டை ஆண்டுதோறும் மழைக்கு முன் நெய்வதற்கேற்ற இடமாகத் தயார்செய்து வைத்தவர்களைப் பற்றி, அதிலும் தரையில் தோண்டிய ஒரு குழியைப் பற்றித்தான் நான் எழுத விரும்புகிறேன்.

நெசவு வீட்டில் பிறந்தவர்களுக்குக் குழித்தறியை விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வீட்டுத் தரையில் இரண்டரை, மூன்றடி ஆழத்துக்கு ஒரு பள்ளம். நெய்பவர் அதன் விளிம்பில் உட்கார்ந்து, காலை உள்ளே விட்டு மிதிபலகையை மிதிப்பார். பாவு தரைக்குச் சற்று மேலே படுத்தபடி நீண்டிருக்கும். கால்களைத் தரையிலேயே நட்டுவிடுவதால் தறிக்குப் பெரிய மரச்சட்டம் தேவையில்லை. கோடையில் மண்ணின் குளிர்ச்சி இழை அறுந்துபோகாமல் காக்கும். ஏழை வீட்டுக்கு ஏற்ற நல்ல தொழில்நுட்பம் என்பதில் சந்தேகமே இல்லை.

இதில் யாருக்கு எது சொந்தம் என்று பாருங்கள். பட்டும் ஜரிகையும் முதலாளி தருவது, அல்லது கூட்டுறவுச் சங்கம் தருவது. நெய்த சேலை அவர்களுக்குப் போகும். தறி சொந்தமாக இருக்கலாம், முன்பணத்தில் சிக்கியதாகவும் இருக்கலாம். குழி மட்டும் எப்போதும் வீட்டோடு சேர்ந்தது. அதில் தண்ணீர் வந்தால் இறைக்க வேண்டியது வீடு. ஒரு தொழிற்சாலை முதலாளி கூரைக்கும் தரைக்கும் வடிகாலுக்கும் செலவு செய்தாக வேண்டும். வீட்டில் நெய்யக் கொடுக்கும் முதலாளிக்கு அந்தச் செலவு கிடையாது. ஆந்திராவின் நரசாப்பூரில் லேஸ் பின்னும் பெண்களைப் பற்றி மரியா மீஸ் 1982இல் எழுதிய நூல் இதைத்தான் உலகுக்குக் காட்டியது: வீட்டில் சும்மா இருக்கும் நேரத்தில் செய்வது என்று அவர்களுடைய உழைப்புக்குப் பெயர் வைத்துவிட்டால், கூலியையும் குறைக்கலாம், பட்டறைச் செலவையும் தவிர்க்கலாம். அவர் படித்தது லேஸ். நம் ஊரில் அது சேலை, அதோடு குழியும் சேர்ந்துகொள்கிறது.

தண்ணீர் குழிக்கு மூன்று வழியில் வரும். ஓடு நகர்ந்த இடத்தில் கூரையிலிருந்து சொட்டும். தெருவிலிருந்து வாசல்படி ஏறி வரும். இந்த இரண்டாவது வழி முன்பு அவ்வளவாக இல்லை. ஒவ்வொரு முறை சாலை போடும்போதும் பழையதைச் சுரண்டாமல் மேலேயே போட்டுப் போட்டு, தெரு உயர்ந்துவிட்டது, வீடு தாழ்ந்துவிட்டது. 2021இல் தலைமைச் செயலாளராக இருந்த வெ. இறையன்பு, பழைய மேற்பரப்பைச் சுரண்டிய பிறகே புதிய சாலை போட வேண்டும் என்று அறிவுறுத்தினார். ஆனால் ஏற்கெனவே உயர்ந்த தெருவுக்கு வாசலில் ஒரு திண்டு கட்டித்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. மூன்றாவது வழி ஊற்று. ஐப்பசி, கார்த்திகையில் நிலத்தடி நீர் ஏறும்போது குழியின் அடியிலிருந்தே தண்ணீர் கசியும். இறைத்தால் மறுபடி ஊறும். மேலே ஓட்டையும் இல்லை, வாசலில் தண்ணீரும் இல்லை, ஆனாலும் தறி நிற்கும். வெளியிலிருந்து பார்க்க வருகிறவர் கண்ணுக்கு எதுவும் படாது. எங்கள் தெருப் பெண்கள் அதிகம் பயப்படுவது இதற்குத்தான்.

குழி காய்ந்திருந்தாலும் ஈரக்காற்று வேறு தொல்லை. ஜக்கார்டில் இருக்கும் நூல் கயிறுகள் ஈரம் குடித்து இறுகும். மரம் ஊதும், உருளை சுற்றாது. எஃகு அச்சில் துரு ஏறினால் பாவின் இழையெல்லாம் கறை. ஜரிகை கறுக்கும். சேலையில் ஒரு கறை விழுந்தால் கூலியில் பிடிப்பார்கள். மழை பெய்தது என்று சொன்னால் கேட்க மாட்டார்கள்.

இந்த மழை வரும் காலத்தையும் கவனிக்க வேண்டும். தீபாவளிச் சேலைகள் புரட்டாசிக்குள் கடைக்குப் போயாக வேண்டும். தை முகூர்த்தத்துக்கான சேலைகள் ஐப்பசியிலிருந்து மார்கழிக்குள் தறியை விட்டு இறங்க வேண்டும். பட்டின் இரண்டு பெரிய பருவங்களுக்கு நடுவில் சரியாக வடகிழக்குப் பருவமழை உட்கார்ந்திருக்கிறது. அதனால் வீட்டைப் பழுதுபார்க்கும் வேலை, தீபாவளி அவசரத்தில் தறி ஓய்வே இல்லாமல் ஓடும் ஆவணி, புரட்டாசியில் விழுகிறது. தறியை நிறுத்திவிட்டுக் கூரையைப் பார்க்க முடியாது. ஆகவே பகலில் தார் சுற்றி, ஊடை போட்டு, நெய்து முடித்த கைகளே விடியலிலும் இரவிலும் இதையும் செய்தன.

என்னென்ன வேலை? என் ஆயா காலத்தில் சுவர் மண், கூரை நாட்டு ஓடு. ஆடிக்காற்று ஓய்ந்ததும் ஓடு திருப்ப ஆள் வருவார். கூரைமேல் ஏறுவது ஆண், அவருக்குக் கூலி உண்டு. கீழே நின்று ஓட்டை எடுத்துக் கொடுப்பது, உடைந்ததைப் பொறுக்குவது, குருவிக் கூட்டையும் எலிவளையையும் தட்டி எடுப்பது வீட்டுப் பெண்கள். சுவரின் அடிப்பகுதியில் தெறிநீர் படும் உயரத்துக்குச் செம்மண்ணும் சாணமும் குழைத்துப் பூச வேண்டும். ஒரே நாளில் பூசினால் வெடிக்கும் என்பதால் மூன்று நாள் இடைவெளிவிட்டுப் பூசுவார்கள். குழியின் விளிம்பை ஒரு சாண் உயர்த்த வேண்டும். அடியில் மணலும் சாம்பலும் கொட்டி, மேலே சாக்கு விரிக்க வேண்டும். குழியின் மூலைகளில் தேள் இருக்கும். மழை பிடித்தால் பாம்பும் காய்ந்த இடம் தேடி அங்கேதான் வரும். காலை உள்ளே விடுவதற்கு முன் குழியைக் கோலால் தட்டிப் பார்ப்பது எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாதுகாப்புப் பாடம். பாவை மட்டும் காப்பாற்ற ஒரு தார்ப்பாய் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் தொங்கும். பிள்ளைகள் படுக்கும் இடம் ஒழுகினாலும் தார்ப்பாய் தறிமேல்தான். நனைந்த பாவுக்கு யார் பணம் கட்டுவது என்ற பயம் அது.

கூரை பற்றி ஒரு சின்ன விலகல். நாட்டு ஓட்டுக்குப் பிறகு வந்த மங்களூர் ஓட்டை முதலில் தொழிற்சாலையில் செய்தவர்கள் பாசல் மிஷன்காரர்கள், 1865இல். அதே மிஷன் அதற்கு முன்பே கண்ணூரில் நெசவுப் பட்டறை நடத்திவந்தது. நெசவையும் ஓட்டையும் ஒரே நிறுவனம் தொழிலாக்கியிருக்கிறது. அவர்கள் பட்டறையில் நெசவாளி தன் கூரையை நினைத்துக் கவலைப்படத் தேவையில்லாமல் இருந்திருக்கும். மங்களூர் ஓடு நம் வீடுகளுக்கு வந்தபோது ஓட்டின் விலை மட்டும்தான் நம் கைக்கு வந்தது, பட்டறை வரவில்லை.

அரசுகள் எதை எண்ணின என்று பார்த்தால் கதை இன்னும் தெளிவாகும். தென்னிந்திய நெசவாளர்களின் இடைக்கால வரலாற்றை விஜயா ராமசாமி 1985இல் நூலாக எழுதினார். சோழர் கல்வெட்டுகளில் ‘தறி இறை’ உண்டு. தறிக்கு இவ்வளவு என்று வரி. கம்பெனி காலத்தில் மொத்தர்பா வரியும் தறியை எண்ணியது. ஆயிரம் ஆண்டாக அரசுகளுக்குத் தறியை எண்ணத் தெரிந்திருக்கிறது. 1961 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வீட்டுத் தொழிலைத் தனி வகையாகவே பிரித்துக் காட்டியது. ஆரணியும் கவனிக்கப்படாத ஊர் அல்ல. 1970களின் தொடக்கம் முதல் பார்பரா ஹாரிஸ்-வைட்டும் அவருடைய சக ஆய்வாளர்களும் இந்த ஊரின் வணிகத்தையும் பட்டையும் சுற்றுக் கிராமங்களையும் திரும்பத் திரும்ப வந்து ஆராய்ந்திருக்கிறார்கள். இந்தியச் சிறுநகரங்களில் இவ்வளவு நீண்ட காலம் படிக்கப்பட்டவை மிகக் குறைவு.

ஆனால் எண்ணுவதற்கே ஒரு விதி இருக்கிறது, அதை யார் எழுதினார்கள் என்று நாம் கேட்க வேண்டும். நாடுகள் தம் உற்பத்தியைக் கணக்கிட ஐ.நா. வகுத்த தேசியக் கணக்கு முறை, எது உற்பத்தி, எது இல்லை என்று எல்லை போடுகிறது. குடியிருக்கும் வீட்டைச் சுத்தம் செய்வது, அலங்கரிப்பது, பராமரிப்பது, சில்லறைப் பழுதுகளைச் சரிபார்ப்பது எல்லாம் எல்லைக்கு வெளியே. சுவருக்கு மறுபூச்சு, கூரைப் பழுது போன்ற பெரிய வேலையை உரிமையாளர் செய்தால் அது வீடு தரும் சேவைக்கான இடுபொருளாக எல்லைக்குள் வரும். மரிலின் வாரிங் 1988இல் இந்த எல்லையைப் பற்றி எழுதிய நூலைப் பெண்ணியம் படிக்கும் மாணவிகள் அறிந்திருப்பீர்கள். அதை ஆரணித் தெருவில் வைத்துப் பாருங்கள். ஓடு திருப்பியவரின் வேலை கணக்கில் நுழைய வழி உண்டு. குழிக்குச் சாக்கு மாற்றி, சுவரின் அடியை மெழுகி, தண்ணீர் இறைத்தவளின் வேலைக்கு இல்லை. நெசவுக் குழி வீட்டுத் தரையா, பட்டறையின் பகுதியா என்று அந்த விதியை எழுதியவர்கள் யோசித்திருக்க வாய்ப்பே இல்லை. நான் அதைப் பட்டறை என்றுதான் சொல்வேன்.

2019இல் நடந்த அகில இந்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு, ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் அதில் செலவிடுவதாகவும், ஆண் 97 நிமிடம் செலவிடுவதாகவும் சொன்னது. பயனுள்ள எண்தான், மேடைதோறும் சொல்கிறோம். ஆனால் ஆண்டு முழுவதையும் நாடு முழுவதையும் ஒரே சராசரியாக்கினால் ஒரு நெசவுத் தெருவின் புரட்டாசி இரண்டு வாரம் அதில் கரைந்துபோகும்.

இது வெறும் கணக்குச் சண்டை என்று தோன்றலாம். நிவாரண விதியைப் படித்தால் அப்படித் தோன்றாது. மாநிலப் பேரிடர் நிவாரண நிதியிலிருந்து கைவினை, கைத்தறித் தொழிலாளிக்கு உதவி உண்டு. சேதமான கருவிக்கு ஒரு தொகை. சேதமான மூலப்பொருள், பாதியில் நிற்கும் பொருள் ஆகியவற்றுக்கு ஒரு தொகை. 2015ஆம் ஆண்டு விதிகளில் இவை ஒவ்வொன்றும் 4,100 ரூபாய். 2022 முதல் 5,000 ரூபாய். அதிகாரி சான்றளிக்க வேண்டும். வீடு பகுதியளவு சேதமானால் வேறு தொகை, ஆனால் சேதம் குறைந்தது 15 சதவீதம் இருக்க வேண்டும். இப்போது குழியில் ஊற்று வந்த வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தறி உடையவில்லை, தார்ப்பாய் போட்டுப் பாவையும் காப்பாற்றிவிட்டாள். வீட்டுச் சுவர் நிற்கிறது. மூன்று வாரம் தறி ஓடவில்லை, மூன்று வாரக் கூலி இல்லை. இதற்கு எந்தக் கட்டத்திலும் இடமில்லை. அவள் ஒழுங்காக முன்னேற்பாடு செய்ததாலேயே சேதம் என்று காட்ட ஒன்றுமில்லை. அலட்சியமாக விட்டிருந்தால் ஏதாவது ஒரு கட்டத்தில் விழுந்திருப்பாள்.

பருவத்தால் வேலை நிற்பது அரசுக்குத் தெரியாத விஷயமல்ல. கடல் மீனவர்களுக்கு மழைக்கால நிவாரணம் நெடுநாளாக இருக்கிறது. உப்பளத் தொழிலாளர்களுக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வேலையற்ற காலத்துக்கு 5,000 ரூபாய் என்று 2022இல் தமிழக அரசு கொடுக்கத் தொடங்கியது. உப்பளத்தில் மழை பெய்வது எல்லோர் கண்ணுக்கும் தெரியும். வீட்டுக்குள் பெய்யும் மழைக்கு, அதிலும் கீழிருந்து பெய்யும் மழைக்கு, சாட்சி குறைவு. வீட்டிலிருந்து வேலை செய்பவர்களுக்கான சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 177ஆம் உடன்படிக்கை 1996இல் வந்தது. இந்தியா இன்னும் அதை ஏற்று உறுதிசெய்யவில்லை. 2019-20இல் எடுக்கப்பட்ட நான்காவது கைத்தறிக் கணக்கெடுப்பின்படி நாட்டில் நெசவிலும் துணைவேலைகளிலும் இருப்பவர்கள் 35.22 லட்சம் பேர். அவர்களில் ஏறத்தாழ 72 சதவீதம் பெண்கள்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. மறுநாள் திருவண்ணாமலையில் மண் சரிந்து ஏழு பேர் இறந்தார்கள். மாவட்டம் முழுக்கப் பேச்சு அதுவாகவே இருந்தது, நியாயம்தான். அந்த டிசம்பரில் நான் சைதாப்பேட்டை, கொசப்பாளையம் தெருக்களிலும் தேவிகாபுரத்திலும் நெசவு வீட்டுப் பெண்களிடம் குழியைப் பற்றிக் கேட்டுக்கொண்டு போனேன். தறி எண்ணிக்கையைக் கேட்டால் வீட்டு ஆண் பதில் சொன்னார். குழியைக் கேட்டதும் உள்ளேயிருந்து அம்மாவோ மாமியாரோ எழுந்து வந்தார்கள். எத்தனை குடம் இறைத்தது, எந்த மூலையில் ஊற்று, போன வருஷத்தைவிட எவ்வளவு ஏறியது என்று விரல்கடை கணக்காகச் சொன்னார்கள். சிலர் குழிச் சுவரில் கரிக்கோடு போட்டு வைத்திருந்தார்கள்.

மின்சாரத்தைப் பற்றியும் கேட்டேன். கைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்றிருந்தது 2016இல் 200 ஆகி, 2023 முதல் 300 ஆகியிருக்கிறது. நல்லதுதான். ஆனால் ஈரக் குழிக்குப் பக்கத்தில் சுவரில் ஓடும் பழைய ஒயரும், தண்ணீர் இறைக்கும் சின்ன மோட்டாரும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பது தனிக் கவலை. மின்கசிவு வந்தால் தானே நிறுத்திவிடும் கருவி ஒன்று உண்டு. நான் போன வீடுகளில் அது இருந்தவை மிகக் குறைவு. மழை பிடித்தால் மெயினை அணைத்துவிட்டுக் குடத்தால் இறைப்பதாகவே பலரும் சொன்னார்கள். இறைப்பவர் யார் என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே ஒரு பெரியம்மா தன் வலது தோளைத் தொட்டுக் காட்டி, “கார்த்திகை முடியறவரைக்கும் இது என்னுது இல்லம்மா” என்றார்.

அவர் மருமகள் வேறொன்று சொன்னாள். குழிக்குச் செங்கல் வைத்துச் சிமெண்டு பூசி, விளிம்பை உயர்த்தக் கொத்தனாரிடம் கேட்டு ஒரு தொகை எழுதி வைத்திருந்தாள். அடுத்த பாவு வாங்கும்போது அதை முதலாளியிடம் கேட்கப்போவதாகச் சொன்னாள். இதுவரை அந்தத் தெருவில் யாரும் குழிக்காகப் பணம் கேட்டதில்லையாம். மாமியார் வேண்டாம் என்று கையசைத்தார். அவள் அந்தத் தாளை மடித்துப் பாவு ரசீதுகளோடு சேர்த்து வைத்தாள்.