மெலாவத்தி மலையில் ஒரு பெயர்

சென்ற சனிக்கிழமை புக்கிட் செந்தோசாவிலிருந்து நான்கு குடும்பங்கள் கோலசிலாங்கூர் சென்று மெலாவத்தி மலை ஏறினோம். மலை என்றாலும் குன்றுதான். குரங்குகள் பிள்ளைகளின் கடலைப் பொட்டலங்களைப் பறிக்காதிருந்தால் இன்னும் விரைவாக ஏறியிருப்போம்.

உச்சியிலுள்ள கலங்கரை விளக்கத்தின் பெயர் அல்திங்ஸ்பர்க். அதனாலேயே மாணவர் பலரும், பெற்றோர் சிலரும்கூட, அங்கிருந்த கோட்டையை டச்சுக்காரர்கள் கட்டியதாக எண்ணுகின்றனர். உண்மையில் அது சிலாங்கூர் சுல்தானின் கோட்டை. ரியாவின் ராஜா ஹாஜி மலாக்காவைத் தாக்கியபோது சுல்தான் இப்ராஹிம் அவருக்குத் துணைநின்றார். அதற்குப் பழிவாங்க 1784-இல் கோட்டையைக் கைப்பற்றிய டச்சுக்காரர்கள், தங்கள் தலைமை ஆளுநர் அல்திங்கின் பெயரை அதற்குச் சூட்டினர். பகாங்கிற்குச் சென்ற சுல்தான், படையுதவி பெற்று, காட்டுவழியே திரும்பிவந்து 1785-இல் அதை மீட்டார். டச்சுக்காரர்கள் அங்கிருந்தது ஓராண்டுகூட இல்லை! விளக்கு எழுந்ததோ 1907-இல், ஆங்கிலேயர் காலத்தில். பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

இறங்கும்போது ஒரு மாணவி கேட்டாள்: "ஓராண்டு இருந்தவர்கள் வைத்த பெயர் இருக்கிறது. பால்மரம் வெட்டிய தாத்தாவின் தோட்டத்துப் பெயர் எங்கே, ஐயா?"

என்னிடம் விடையில்லை. வரும் திங்கட்கிழமை ஒவ்வொரு மாணவரும் தம் குடும்பம் வாழ்ந்த தோட்டத்தின் பெயரை, டிவிசனோடு, எழுதிவர வேண்டும். பெற்றோர் தாத்தா பாட்டியிடம் கேட்டுச் சொல்லி உதவுங்கள்.