கடலாமையும் மலைப்பாசியும்

நெடுங்காலம் நிலைத்து நின்றது இனியும் நிலைக்கும் என்று எண்ணுவது மனித இயல்பு. அவ்வெண்ணம் எத்துணைப் பிழையானது என்பதை ஒரு கடலாமையும் ஒரு மலைப்பாசியும் நமக்கு உணர்த்துகின்றன.

மெக்சிகோ வளைகுடாவில் வாழும் கெம்ப் ரிட்லி ஆமை, கடலாமைகளுள் மிகச் சிறியது. பகற்பொழுதில் கூட்டங் கூட்டமாகக் கரையேறி முட்டையிடுவது அதன் வழக்கம். 1947ஆம் ஆண்டில் எர்ரெரா என்னும் மெக்சிகோப் பொறியாளர், ராஞ்சோ நுவேவோ கடற்கரையில் அக்காட்சியைப் படம் பிடித்தார். ஒரே நாளில் ஏறத்தாழ 40,000 ஆமைகள் கரையேறின என்று பிற்கால அறிஞர் மதிப்பிட்டனர். அவர்கள் அப்படத்தைக் கண்டதோ 1961இல். அதற்குள் அப்பெருங்கூட்டம் சுருங்கிவிட்டது. முட்டைகளை மக்கள் வாரிச் சென்றனர். வளர்ந்த ஆமைகள் இறால் இழுவலைகளில் சிக்கி மூச்சடைத்து மாண்டன. 1985இல் எண்ணப்பட்ட கூடுகள் 702 மட்டுமே!

இனி, பாசியைக் காண்போம். நாம் கூறுவது குளத்துப் பாசியன்று. பாறையில் பச்சைப் போர்வையெனப் படரும் சிறு செடியினம். தகாகியா என்பது அதன் பெயர். சப்பானிய அறிஞர் தகாகியைச் சிறப்பிக்கும் வகையில் இடப்பட்டது. இமயத்திலும் திபெத்திலும் உயர்ந்த மலைகளில் வாழும் இதன் குலம் 39 கோடி ஆண்டுத் தொன்மையுடையது என்பர். 2010 முதல் 2021 வரை திபெத்தில் ஆராய்ந்தோர், வெப்பம் ஏற ஏற இது ஆண்டுக்குச் சுமார் 1.6 விழுக்காடு குறைந்து வருவதாக 2023இல் அறிவித்தனர்.

இவ்விரண்டையும் ஒப்பிட்டால் ஓர் உண்மை புலப்படும். ஆமையை அழித்தவை கையும் வலையும். ஆகவே கையைத் தடுத்து, வலையில் ஆமை தப்பும் வாயில் அமைத்து, முட்டைகளைக் காவலிட்டுக் காத்தபோது, 2009இல் கூடுகள் இருபதினாயிரத்தைத் தாண்டின. மறு ஆண்டே அவை சரிந்தன என்பதையும் மறைப்பதற்கில்லை. பாசியை எவரும் பறிக்கவில்லை. தொலைவிலுள்ள நம் அனைவரின் புகையும் அதனைத் தீண்டுகிறது. ஆய்வுக்கூடத்தில் வளர்த்து நட்ட செடிகளுட் சில பிழைத்துள்ளன. ஆயினும் வெப்பத்திற்கு அஞ்சி மேலேறும் செடிக்கு, சிகரத்திற்கு மேல் இடமேது?

ஆமைக்கு இரங்குவது எளிது; அதற்குக் கண் உண்டு. கண்ணில்லாத பாசிக்கும் இரங்கக் கற்பதே நமக்கு இன்று வேண்டிய கல்வி.